பழைய தமிழ்த் தளத்தைப் பக்கம் பக்கமாகப் புதுப்பித்தல்

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய தமிழ்த் தனிநபர் தளங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் ஃபிரேம், மேலே ஓடும் மார்க்கீ, கீழே வருகை எண்ணி, நடுவில், எழுத்துக்கு எண் ஒதுக்கும் பழைய குறியேற்றங்களான திஸ்கியிலோ பாமினியிலோ தட்டிய கட்டுரைகள். இன்றைய உலாவியில் திறந்தால் கட்டங்களும் ஐரோப்பிய எழுத்துகளும்தான் தெரியும். அப்படியொரு 100, 150 பக்கத் தளத்தை, வாரத்துக்கு ஓரிரு மாலைகளை மட்டும் ஒதுக்கி, இடையில் ஒருநாளும் மூடாமல் புதுப்பிக்கும் வழி இது. எழுத்து முதலில், முகவரி அடுத்து, தோற்றம் கடைசியில் என்ற வரிசையை மாற்றாமலிருந்தால் போதும். தோற்றத்தில் தொடங்குகிறவர்கள் முகப்பை மூன்று முறை மாற்றியிருப்பார்கள். உள்ளே ஒரு கட்டுரைகூட வாசிக்கும் நிலைக்கு வந்திருக்காது.

தொடுவதற்கு முன்

வழங்கியிலிருந்து கோப்புகளை இறக்கும் எஃப்டிபி வழியாக எல்லாக் கோப்புகளையும் பைனரி முறையில் இறக்கவும். ஆஸ்கி முறையில் இறக்கினால் வரிமுடிவுகள் மாறும், படங்கள் கெடும். தளமே போய்விட்டதென்றால் (ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியபோது போனவை இந்த ரகம்) பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைத்திருக்கும் வேபேக் மெஷினில் தேடலாம். அங்கிருந்து சும்மா சேமித்தால் அவர்களுடைய மேல்பட்டையும் திருத்திய இணைப்புகளும் சேர்ந்தே வரும். முகவரியிலுள்ள 14 இலக்க நேரமுத்திரையை ஒட்டி, இடைவெளி விடாமல், ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால் மூலக் கோப்பு பைட் மாறாமல் கிடைக்கும்.

இறக்கியதை முதலில், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றவும். ஏற்றுவதற்கு முன், பழைய கோப்புறை முழுவதையும் பைனரி என்று கிட்டின் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸில் அது வரிமுடிவில் கைவைக்கும். கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால் கிட் அவற்றை எண்களாகக் காட்டும். கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் தமிழிலேயே தெரியும்.

பழைய கோப்பை எடிட்டரில் திறந்து பார்க்கலாம், சேமிக்கக் கூடாது. எடிட்டர் அதை விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியேற்றம்) என்று எடுத்துக்கொள்ளக்கூடும். திஸ்கியில் ஸ இருக்கும் 133ஆம் இடத்தில் விண்டோஸ்-1252 முப்புள்ளியை வைத்திருக்கிறது. தானாகத் திருத்தும் எடிட்டர் அந்த முப்புள்ளியை மூன்று தனிப் புள்ளிகளாக்கினால் ஸ போயே போயிற்று. 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் அந்தப் பட்டியலில் காலி. சில எடிட்டர்கள் அங்கே கேள்விக்குறியைப் போட்டுவிடும், அப்புறம் மீட்க வழியில்லை.

பிறகு ஒரு விரிதாள். பழைய முகவரி, எந்தக் குறியேற்றம், தலைப்பு, நிலை என நான்கு பத்திகள் போதும். குறியேற்றத்தைக் கண்டுபிடிக்க எழுத்துருப் பெயரே பெரும்பாலும் உதவும். டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி, டாப் என்று தொடங்கினால் தமிழக அரசு 1999இல் ஏற்ற டாப். பெயர் இல்லாவிட்டால் கோப்பை ஆங்கில எழுத்துருவில் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னக் குறியும் சென்ட் குறியும் கலந்து தெரிந்தால் திஸ்கி. நான்கு சாதாரண ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பாமினி. ஒரே தளத்தில் மூன்று குறியேற்றங்கள் இருப்பதும் உண்டு, ஒரே பக்கத்தில் இரண்டு இருப்பதும் உண்டு.

மாற்றுதல்

திஸ்கி எளிது. முதல் 128 இடங்கள் ஆஸ்கியேதான், அதனால் எச்டிஎம்எல் குறிகளுக்குச் சேதமில்லை. கோப்பை முழுசாகவே மாற்றலாம். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியோடு வரும், குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 (இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறை) என்று கொடுத்தால் முடிந்தது. திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் நிற்கும். இந்த இடமாற்றத்தையும் ஐகான்வே பார்த்துக்கொள்கிறது. புரியாத பைட் வந்தால் அந்த இடத்திலேயே நின்று எத்தனையாவது பைட் என்று சொல்லும். அதை விழுங்கிவிட்டுப் போகச் சொல்லும் விருப்பத்தேர்வும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் எது தொலைந்தது என்றே தெரியாது. நின்ற இடத்தைப் பார்த்தால் வேறு குறியேற்றத்திலிருந்து ஒட்டிய துண்டு ஏதாவது இருக்கும்.

ஒரு பொறி உண்டு. அந்தக் காலத்துப் பக்க எடிட்டர்கள் சில, மேல்பாதி எழுத்துகளை நேரடி பைட்டாக எழுதாமல் ஆம்பர்சண்டில் தொடங்கும் எண்ணாகவோ பெயராகவோ எழுதிவைத்தன. ஐகான்வுக்கு அவை வெறும் ஆங்கில எழுத்து, அப்படியே விட்டுவிடும். மாற்றிய பக்கத்தில் தமிழுக்கு நடுவே திடீரென்று சென்ட் குறி தெரிந்தால் காரணம் இதுதான். மாற்றுவதற்கு முன்பே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, 128 முதல் 255 வரையுள்ள அந்தக் குறிகளைப் பைட்டாக்கிவிட வேண்டும். இதற்கு எச்டிஎம்எல் பார்சரை (பக்கத்தின் குறிகளைப் பிரித்துப் படிக்கும் நிரல்) பயன்படுத்த வேண்டாம். 128 முதல் 159 வரையான எண்களைப் பார்சர் விண்டோஸ்-1252இன்படி மொழிபெயர்த்துவிடும், கிரந்த எழுத்துகள் அதில் சிக்கும்.

பாமினி வேறு கதை. தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கோப்பை முழுசாக மாற்றினால் எச்டிஎம்எல் குறிகளும் தமிழாகிவிடும். மின்னஞ்சல் முகவரியும் இணைப்பும்கூடத் தப்பாது. பைத்தான் நிரல்மொழியில், பக்கத்தைத் துண்டு துண்டாகக் கையாளும் பியூட்டிஃபுல்சூப் நூலகமும் எச்டிஎம்எல்5லிப் பார்சரும் சேர்த்து, எழுத்துத் துண்டு ஒவ்வொன்றுக்கும் மேலே நெருங்கி நிற்கும் ஃபான்ட் குறியைத் தேடி, அது பாமினி என்றால் மட்டும் மாற்ற வேண்டும். மூடாத குறிகள் நிறைந்த பழைய பக்கங்களை உலாவியைப் போலவே படிப்பதால்தான் எச்டிஎம்எல்5லிப். பாமினியில் 'ஈ' இருப்பது ஆங்கிலத்தின் 'சிறியது' குறியின் இடத்தில், புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். எச்டிஎம்எல்லுக்கு இரண்டுமே சொந்தக் குறிகள். பார்சர் பிரித்துக் கொடுத்த எழுத்தை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. கண்டுபிடி-மாற்று முறையில் செய்தால் கட்டாயம் வரும். மாற்று அட்டவணைக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. பத்து இருபது பக்கம்தான் என்றால் என்எச்எம் கன்வர்ட்டரில் வெட்டி ஒட்டி முடித்துவிடலாம், ஸ்கிரிப்ட் தேவையில்லை.

மாற்றிய பின் களையெடுப்பு

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். திரையில் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் 'ர்' என்பதைக் காலும் புள்ளியுமாக அடிப்பார்கள். மாற்றிகள் சில அதை அப்படியே காலாகவே விட்டுவிடும். 'அவர்கள்' என்று இருக்க வேண்டியது 'அவா்கள்' என்று நிற்கும். 'பரிசு' என்பது 'பாிசு' ஆகும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கால் குறியை அடுத்துப் புள்ளியோ, விசிறியோ (இகரக் குறி), சுழியோ (ஈகாரக் குறி) வருவது தமிழில் கிடையாது, அதனால் அப்படி வரும் கால்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ர ஆக்கலாம்.

ஆனால் இதை யூனிகோடு இயல்பாக்கத்துக்கு (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே வடிவமாக்குவது) முன்பே செய்துவிட வேண்டும். 'தேர்தல்' என்பது த, இரட்டைக்கொம்பு, கால், புள்ளி என்று கிடக்கும்போது என்எஃப்சி இயல்பாக்கத்தை ஓட்டினால், கொம்பும் காலும் ஒட்டி ஓகாரக் குறியாகிவிடும். விளைவு 'தோ்தல்'. 'சேர்ந்து' என்பது 'சோ்ந்து'. ஏற்கெனவே இப்படி ஒட்டிப்போயிருந்தால் ஓகாரக் குறியை அடுத்துப் புள்ளி வரும் இடங்களைத் தேடி, ஏகாரக் குறியும் 'ர்' என்பதுமாகப் பிரிக்கவும். ஒகரக் குறிக்கும் அப்படியே.

அடுத்தது ஔகாரம். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ள என்ற எழுத்துக்கும் ஒரே வடிவம்தான். மாற்றி எதைக் கண்டது? 'கௌரவம்' என்பதைக் க, ஒற்றைக்கொம்பு, ள என்று எழுதி 'கெளரவம்' ஆக்கிவிடும். யூனிகோடில் அந்தப் பின்பாதி (கொம்புக்கால்) 3031ஆம் எண், ள 2995ஆம் எண். இயல்பாக்கம் இதைத் திருத்தாது. மொத்தமாகவும் மாற்றக் கூடாது, 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் நாசமாகும். ஒற்றைக்கொம்புக்குப் பின் வரும் ள எந்தக் குறியும் ஏற்காமல், அடுத்து நேராக ஒரு மெய்வரிசை எழுத்து வந்தால் மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று பட்டியல் சின்னதாகவே இருக்கும். சொல் முதலில் வரும் ஔவுக்கும் இதே நோய்: 'ஒளவை' என்று மூன்று எழுத்தாகக் கிடக்கும்.

ஸ்ரீ இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஸ் என்று தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடு 4.1 சேர்த்த ஶ் என்ற எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. எது என்பது உங்கள் விருப்பம், தளம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். வேர்டிலிருந்து ஒட்டிய பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு விலக்கி (8204) புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். க்ஷ என்று சேராமல் க், ஷ என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடங்களைத் தவிர மற்றதெல்லாம் குப்பை.

இவற்றை எல்லாம் ஒரே ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஒரு நொடி. அப்புறமும் ஒருமுறை கண்ணால் வாசித்தே தீர வேண்டும். ஒரு மாலைக்கு மூன்று முதல் ஐந்து பக்கம் என்ற கணக்கு இதனால்தான்.

பழையதும் புதியதும் ஒரே கூரையில்

கோப்புகளிலிருந்து தளத்தை உண்டாக்கும் ஜெனரேட்டர்களில் எலெவன்டியா ஹியூகோவா என்ற ஆராய்ச்சிக்கு ஒரு மாலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு எலெவன்டி. எதையும் நிறுவிப் பராமரிக்கப் பிடிக்காதவர்களுக்கு ஒற்றைக் கோப்பாக வரும் ஹியூகோ. இரண்டிலும் கோப்புகளைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து வெளியிடும் வசதி உண்டு. அவரவர் வேகத்தில் வேலை செய்ய முடிவது அந்த வசதியால்தான். முதல் நாள் பழைய தளம் முழுவதையும் அந்தக் கோப்புறையில் போட்டு வெளியிடுங்கள். வெளியே எதுவும் மாறியிருக்காது. பிறகு ஒவ்வொரு மாலையும் சில பக்கங்களை மார்க்டவுனாக்கி (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) புதிய கோப்புறைக்கு நகர்த்தி, பழைய பிரதியை அங்கிருந்து நீக்கிவிட்டு வெளியிடவும். நீக்க மறந்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் மோதும், எது வெல்லும் என்று நம்பியிருக்க முடியாது. எந்த மாலையில் நிறுத்தினாலும், அடுத்த மாலை ஆறு மாதம் கழித்து வந்தாலும், தளம் முழுசாக இருக்கும்.

முகவரிகளை மாற்றாமலே இருப்பது உத்தமம். பக்கத்தின் தலைக்குறிப்பில் பெர்மாலிங்க் என்று எலெவன்டியிலும், யூஆர்எல் என்று ஹியூகோவிலும், பழைய முகவரியை எச்டிஎம் நீட்டிப்போடு அப்படியே எழுதலாம். பார்க்க அழகில்லைதான். ஆனால் இருபது வருஷமாக யாரோ எங்கோ கொடுத்த இணைப்புகள் எல்லாம் வேலை செய்யும், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் திசைதிருப்பு எழுதும் வேலையே இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் கவனம். பழைய தளம் விண்டோஸ் வழங்கியில் இருந்திருந்தால் அது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் வழங்கி அப்படி விடாது. உங்கள் கணினியில் வேலை செய்யும் இணைப்பு வெளியிட்டதும் 404 காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

புதிய பக்கங்களுக்குத் தமிழிலேயே முகவரி வைக்கும் ஆசை வரும். 'தமிழ்' என்பது யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8இல் 15 பைட், சதவீதக் குறியிட்டு நகலெடுத்தால் 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை நிறைந்துவிடும். ரோமன் எழுத்தில் சிறியதாக, ஒரே எழுத்துப்பெயர்ப்பு விதியோடு வைப்பது நல்லது. தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக உண்டாக்க விடுவது ஆபத்து. பைத்தானின் ரெகெக்ஸில் (எழுத்துக் கோலங்களைத் தேடும் முறை) சொல் எழுத்து என்ற வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் வருவதில்லை, அதை நம்பி எழுதிய கருவி 'தமிழ்' என்பதைத் 'தமழ' ஆக்கும். முன்னோட்ட வரிகளை இத்தனை எழுத்து என்று வெட்டும் நிரலும் இதே தவறைச் செய்யும். 'கி' பாதியில் அறுந்து க மட்டும் நிற்கும். இடைவெளியில் வெட்டச் சொல்லுங்கள்.

வெளியிட்ட புதிய பக்கம் முழுக்க வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறி வரிசையாகத் தெரிந்தால், வழங்கி பக்கத்துக்கு முன்னால் அனுப்பும் ஹெடரில் பழைய லத்தீன் குறியேற்றத்தைச் சொல்கிறது என்று பொருள். பக்கத்துக்குள் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் வழங்கி சொல்வதே செல்லும். அப்பாச்சியில் எச்டிஆக்சஸ் கோப்பில் முன்னியல்பு குறியேற்றத்தை யூடிஎஃப்-8 ஆக்கும் ஒற்றை வரி போதும்.

தோற்றம்

இதற்கு வந்து சேரும்போது பாதித் தளம் மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் நீண்ட கட்டுரை, கவிதை, படத்தொகுப்பு என்று என்னென்ன வடிவம் தேவை என்பது கையில் இருக்கும். மூன்று வார்ப்புருவுக்கு மேல் வேண்டியிருக்காது.

அடிப்படை அளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7, பத்தியின் அகலம் 36 எம். ஆங்கிலத் தளங்களின் 16 பிக்சலும் 1.4 உயரமும் தமிழுக்கு நெருக்கடி. ணை, னை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மேல்வரியின் கூ, ழு கீழே இறங்கி, கீழ்வரியின் விசிறியைத் தொடும். இருபக்கமும் சமன்செய்ய வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசி அகலத்தில் வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும், சொற்களுக்கு இடையில் வெற்றிடம் வாய்க்காலாக ஓடும். இடப்பக்கம் ஒட்டிவிட்டு, நீண்ட சொல் உடைவதற்கு ஓவர்ஃப்ளோ-ராப் அமைப்பை வைத்தால் 'செய்துகொண்டிருக்கவேண்டியிருந்தது' திரைக்கு வெளியே ஓடாது. தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து அநேகமாகக் கிடையாது. உலாவி தானே சாய்த்து விகாரமாக்கும். அழுத்தத்துக்குத் தடிமனோ நிறமோ கொடுத்து, ஃபான்ட்-சிந்தஸிஸில் சாய்வை அணைக்கவும்.

கட்டுரை உடலுக்கு வலை எழுத்துரு அவசியமில்லை என்பது இந்தப் பதிவின் கட்சி. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று எல்லாச் சாதனத்திலும் நல்ல தமிழ் இருக்கிறது. தலைப்புக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் மீரா இனிமை, கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஃபான்ட்டூல்ஸின் பைஎஃப்டிசப்செட் கருவியால் தமிழ்த் தொகுதி (2944 முதல் 3071 வரை), இணைப்பான்கள் இரண்டு (8204, 8205), ரூபாய்க் குறி (8377), ஆங்கில அடிப்படை எழுத்துகள் ஆகியவற்றை மட்டும் வைத்து, வலை எழுத்துருவுக்கான வாஃப்2 வடிவமாக்கலாம். கருவி பதினறும எண்ணில் கேட்கும், மாற்றிக் கொடுக்கவும். எழுத்தையும் குறியையும் ஒட்டவைக்கும் அமைப்பு அம்சங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் விருப்பத்தை மறக்காதீர்கள். அந்த அம்சங்களைக் கழித்துவிடும் கருவிகளில் சுருக்கினால் 'கு', 'மூ' எல்லாம் ஒட்டாமல் எழுத்தும் குறியுமாகப் பிரிந்து நிற்கும்.

எச்டிஎம்எல் தொடக்கக் குறியில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். வார்ப்புருவில் ஒரே இடம், அரை நிமிட வேலை.

கட்டுரைகளை அகரவரிசையில் அடுக்கும் பக்கம் இருந்தால் ஜெனரேட்டரின் வரிசையை நம்பக் கூடாது. யூனிகோடு எண் வரிசையில் ஜ சகரத்தை ஒட்டியும், ன நகரத்தை ஒட்டியும், ற ரகரத்தை ஒட்டியும் வருகின்றன, ள ழகரத்துக்கு முன்னால் நிற்கிறது. நோட் ஜேஎஸ்ஸில், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டில் கொலேட்டரைத் தமிழ் என்று அமைத்து அடுக்கினால் நன்னூல் வரிசை வரும்.

மிச்சம்

ரியல் ஆடியோ கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் எம்பி3 ஆக்கிவிடும். ஃபிளாஷ் 2020 முடிவோடு நின்றது; ரஃபிள் எமுலேட்டரில் ஓடினால் வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் திரையை ஒரு படமெடுத்துப் போட்டு விட்டுவிடலாம். வருகை எண்ணியைக் கடைசி எண்ணோடு படமாகவே வைத்துக்கொள்வதில் தவறில்லை. விருந்தினர் புத்தகத்தில் கவனம். அதில் எழுதியவர்களின் மின்னஞ்சலும் சில நேரம் தொலைபேசி எண்ணும் இருக்கும். அப்போது மூவாயிரம் பேர் பார்க்கிற இடத்தில் எழுதினார்கள், இப்போது தேடுபொறிகள் மேய்கிற இடம். பெயரையும் வாழ்த்தையும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டே வெளியிடவும்.

வழங்கியையும் மாற்றுவதாக இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், வழங்கி வழித் திசைதிருப்பு அங்கே கிடையாது. முகவரிகளைப் பழையபடி வைத்திருந்தால் அது ஒரு குறையாகத் தெரியாது. மாற்றுவதற்கு முதல் நாள், தளப் பெயரை வழங்கியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுளை 300 நொடியாகக் குறைக்கவும். நேம்சர்வரையே மாற்றும்போது அஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தளம் சரியாகத் திறக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், இரண்டு நாளாக ஓர் அஞ்சலும் வந்திருக்காது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வந்ததும் பழைய பக்கங்களில் எச்டிடிபி என்று முழு முகவரியோடு எழுதிய படங்களை உலாவி தடுக்கலாம். தளப் பெயர் இல்லாத சார்பு முகவரியாகச் சுருக்கவும். பழைய ஹோஸ்டிங் கணக்கை ஒரு மாதம் விட்டுவைத்து, அதன் அணுகல் பதிவில் யாரும் வரவில்லை என்று பார்த்த பிறகு மூடவும்.